29 வருஷத்துக்கு அப்புறம் ராயல்ஸ்: அதிர்ஷ்டமா, ஆட்டமா?

கேள்வி: 2014 அக்டோபர் 1 (சியாட்டிலிலிருந்து ஒரு வாசகர்)

கான்சஸ் சிட்டிக்காரர்கள் யாரும் நேற்று ராத்திரி தூங்கவில்லை போலிருக்கிறது. உங்கள் பேஸ்பால் அணி ராயல்ஸ், பிளேஆஃபில் ஓக்லாந்தை ஜெயித்த ஒரே ஒரு ஆட்டம். அதிலும் எட்டாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது நாலு ரன் பின்தங்கியிருந்த அணி. சீசன் முழுக்க 162 ஆட்டம் ஆடி யார் நல்ல அணி என்று தெரிந்த பிறகு, ஒரு ராத்திரியில் நாலு பந்து சாதகமாக விழுந்ததற்கு இத்தனை கொண்டாட்டமா? வெறும் அதிர்ஷ்டம்தானே இது?

2014 அக்டோபர் 1, புதன், காலை

ஆமாம், தூங்கவில்லை. ஆட்டம் முடிந்தபோது நள்ளிரவுக்குச் சில நிமிஷம்தான் பாக்கி. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஓடியது.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ராயல்ஸ் கடைசியாக பிளேஆஃப் (சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் ஆட்டங்கள்) ஆடியது 1985இல். அந்த வருஷம் கோப்பையையும் வாங்கினார்கள். அதோடு சரி. அதற்கப்புறம் இத்தனை வருஷமாக அக்டோபர் மாதத்தில் இந்த ஊரில் பேஸ்பாலே கிடையாது. வட அமெரிக்காவின் பெரிய விளையாட்டுகளில் இவ்வளவு நாள் வாசலுக்கு வெளியே நின்ற அணி இப்போது வேறொன்றும் இல்லை. நேற்று ஆடிய ஹாஸ்மர், மௌஸ்டாகஸ், பெரெஸ் மூவரும் 1985இல் பிறந்திருக்கவேயில்லை.

நாலு பந்து என்கிறீர்கள். கூட்டிப் பாருங்கள். ஓக்லாந்து 7, நாங்கள் 3. எதிரில் ஜான் லெஸ்டர், இந்த மாதிரி பெரிய ஆட்டங்களுக்கென்றே வாங்கிவந்த பிட்சர், அதாவது பந்து வீசுபவர். எட்டாவதில் எங்கள் எஸ்கோபார் ஒரு அடி, உடனே அடுத்த பேஸைத் திருடினார். (ஓடி வீடு திரும்பும் வழியில் மூன்று நிறுத்தம், அவைதான் பேஸ்; வீடு சேர்ந்தால் ஒரு ரன். யாரும் அடிக்காமலே, பிட்சர் வீசும்போதே அடுத்ததற்கு ஓடிவிடுவது திருட்டு.) கெய்ன் ஒரு அடி, அவரும் திருடினார். பில்லி பட்லர் ஒரு அடி. அவர் ஓட்டத்தைப் பற்றி ஊரே சிரிக்கும் என்பதால் அவரை வெளியே கூப்பிட்டு டெரன்ஸ் கோர் என்ற பையனை ஓட அனுப்பினார்கள். ஓடுவதுதான் அவனுக்கு வேலை. அவனும் திருடினான். லெஸ்டருக்குப் பதில் வந்த பிட்சர் பதறிப்போய் ஒரு பந்தை, பின்னால் நின்று பிடிக்கும் காட்சரையும் தாண்டி எறிந்தார். 7-6.

ஒன்பதாவதில் டைசன் ஓட வந்தார். அவர் இரண்டாவது பேஸுக்கு வந்ததும், இனி மூன்றாவதைத் திருடப்போகிறார் என்பது அரங்கத்தில் பாப்கார்ன் விற்பவருக்குக்கூடத் தெரியும். ஓக்லாந்துக்கும் தெரியும். ஆனாலும் திருடினார். எழுந்து நின்று மோட்டார் பைக் ஆக்ஸிலேட்டரை முறுக்குவது போல் கையை முறுக்கிக் காட்டினார். ஆவோகி ஓங்கி அடித்த பந்து பிடிபட்டது, ஆனால் பிடிபட்டதும் கிளம்பி டைசன் வீடு வந்து சேர்ந்தார். 7-7.

ஒன்பதில் சமன் என்றால் கூடுதல் இன்னிங்ஸ். பன்னிரண்டாவதில் திரும்பவும் ஒரு ரன் பின்தங்கி, ஹாஸ்மர் சுவரில் அடித்து மூன்றாவது பேஸ் வரை ஓடி, கோலோன் அடித்த பந்து தரையில் குத்தி எகிறி, 8-8. கோலோன் திருடினார். மொத்தம் ஏழு திருட்டு. பிளேஆஃப் ஆட்டம் ஒன்றில் இதற்கு மேல் எந்த அணியும் திருடியதில்லை. அப்புறம் சால்வடோர் பெரெஸ். அதுவரை ஐந்து முறை வந்து ஒன்றும் அடிக்காதவர், எட்டாவதில் கைக்கு எட்டாத பந்துகளைத் துரத்தி அவுட் ஆனவர். இப்போதும் கைக்கு எட்டாத பந்துதான். அதைத் துரத்தி மூன்றாவது பேஸ்காரரைத் தாண்டி இழுத்துவிட்டார். 9-8.

அதிர்ஷ்டம் இல்லையா? இருக்கிறது. அதற்காகத் தூங்கப் போக முடியுமா?

2014 அக்டோபர் 1, மதியம்

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் நேற்று நேரில் போயிருந்தார். 7-3 ஆனதும் "இத்தனை வருஷத்தில் இதைப் பார்க்காததா" என்று கிளம்பி வந்துவிட்டார். மிச்சத்தை எழுபதாம் நம்பர் நெடுஞ்சாலையில் காரில் ரேடியோவில் கேட்டாராம். இன்று யாரோடும் பேசுவதில்லை. மேசையில் யாரோ அவருக்கு ஒரு கார் பொம்மை வைத்திருக்கிறார்கள்.

எங்கள் மேனேஜர் நெட் யோஸ்ட்டைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஜெயித்துவிட்டதால் மன்னிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆறாவது இன்னிங்ஸில் 3-2 முன்னணியில் இருக்கிறோம். பிட்சர் ஷீல்ட்ஸை வெளியே எடுத்ததுகூடச் சரி. நடுவில் வந்து காப்பதற்கென்றே கெல்வின் ஹெரேரா இருக்கும்போது, இரண்டு நாள் முன்னால்தான் ஆடி முடித்த வெஞ்சுராவை, அதுவும் வழக்கமாக ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பையனை, இரண்டு பேர் பேஸில் நிற்கும்போது கொண்டுவந்தார். ஓக்லாந்தின் மோஸ் அதைத் தூக்கி மைதானத்துக்கு வெளியே போட்டார், மூன்று ரன். சொந்த அரங்கமே யோஸ்ட்டைப் பார்த்து ஊளையிட்டது. 2008இல் மில்வாக்கியில் பிளேஆஃப் வாசலில் நிற்கும் அணியிலிருந்து சீசன் முடிய இரண்டு வாரம்கூட இல்லாதபோது வேலை போனவர் அவர். நேற்றும் அப்படித்தான் முடியும் என்று நினைத்தேன்.

2014 அக்டோபர் 4, சனி

சியாட்டில்காரர் பதில் போட்டிருக்கிறார்: "இனி ஏஞ்சல்ஸ். 98 வெற்றி. பார்க்கலாம்."

பார்த்தோம். ஏஞ்சல்ஸின் ஊரான அனஹைமில் இரண்டு ஆட்டம், இரண்டும் 11 இன்னிங்ஸ், இரண்டும் எங்களுக்கு. வியாழன் 3-2, மௌஸ்டாகஸின் ஹோம் ரன், பந்து வேலிக்கு வெளியே. வெள்ளி 4-1, ஹாஸ்மரின் ஹோம் ரன்.

இங்கே ஒரு விஷயத்தைத் திருத்த வேண்டும். "ராயல்ஸ் என்றால் திருட்டு மட்டும்தான்" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். சீசன் முழுக்கப் பார்த்தால் உண்மைதான்: 153 திருட்டு, எல்லா அணிகளையும் விட அதிகம். 95 ஹோம் ரன், எல்லா அணிகளையும் விடக் குறைவு. ஆனால் அனஹைமில் இரண்டு ராத்திரியையும் முடித்துவைத்தது ஹோம் ரன்தான். அதுவும் யார்? மௌஸ்டாகஸ் மே மாதம் .152 அடி சராசரியோடு (நூறு முறைக்குப் பதினைந்து அடி) தவித்து, சின்ன லீக்குக்கு, ஓமஹாவுக்கு அனுப்பப்பட்டவர். அந்த வாரம் ரேடியோவில் அவரைப் பற்றிப் பேசியதை இங்கே எழுத முடியாது.

எங்கள் வீட்டில் அவருக்கு ஒரு புது ரசிகை. ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். மௌஸ்டாகஸ் அடிக்க வரும்போதெல்லாம் கூட்டம் "மூ...ஸ்" என்று இழுக்கும். அது டிவியில் கேட்கக் கூச்சல் போட்டு விரட்டுவது போலத்தான் இருக்கும். "மாப்பிள்ளை, பாவம் அந்தத் தாடிக்காரப் பையனை எதுக்கு எல்லாரும் திட்டறாங்க?" என்றார். திட்டவில்லை, செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் வியாழன் ராத்திரி அந்த ஹோம் ரன்னுக்கு அப்புறம், அவனைத் திட்டினவங்களுக்கெல்லாம் வேணும் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

2014 அக்டோபர் 6, திங்கள்

8-3. ஏஞ்சல்ஸ் கதை முடிந்தது. முதல் இன்னிங்ஸிலேயே மூன்று பேஸும் நிரம்பியிருக்க கோர்டன் அடித்து மூவரையும் வீட்டுக்கு அனுப்பினார். மைக் டிரவுட், இன்றைக்கு உலகத்திலேயே சிறந்த ஆட்டக்காரர், மூன்று ஆட்டத்தில் 12 முறை அடிக்க வந்து ஒரே ஒரு தடவைதான் உருப்படியாக அடித்தார்.

ஆனால் எனக்கு மறக்காதது வேறு. பில்லி பட்லர் ஒரு பேஸ் திருடினார். மறுபடியும் எழுதுகிறேன்: பில்லி பட்லர். ஆறு நாளைக்கு முன் அவருக்குப் பதில் ஓட ஆள் அனுப்பினார்கள். நேற்று அவர் கிளம்பியதைப் பார்த்து அரங்கமே ஒரு நொடி வாயைப் பிளந்தது. மாமியார் இந்தத் திருட்டு விவகாரத்தைத் தானாகவே பிடித்துக்கொண்டார். "சடுகுடுதானே? பிடிபடாம கோட்டைத் தொட்டா சரி." அதற்கு மேல் நான் விளக்கவில்லை.

2014 அக்டோபர் 8, புதன்

ஆட்டம் இல்லாத நாள். அதிர்ஷ்டம் பற்றிய கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

ஒரு ஆட்டத்தில் யாரும் யாரையும் ஜெயிக்கலாம், பேஸ்பாலில் இது மிக அதிகம். மறுக்கவில்லை. ஆனால் சீசனில் ஆடும் அணியும் அக்டோபரில் ஆடும் அணியும் ஒன்று இல்லை. சீசனில் கிட்டத்தட்ட தினமும் ஆட்டம் என்பதால் கடைசி மூன்று இன்னிங்ஸைக் காக்கும் பிட்சர்களைத் தினமும் இறக்க முடியாது, கை போய்விடும். அக்டோபரில் நடுவே ஓய்வு நாட்கள் வரும். அப்போது அவர்களை ஏறக்குறைய எல்லா ஆட்டத்திலும் இறக்கலாம். எங்களிடம் ஏழாவதுக்கு ஹெரேரா, எட்டாவதுக்கு வேட் டேவிஸ், ஒன்பதாவதுக்கு ஹாலண்ட். டேவிஸ் இந்த சீசன் முழுக்கச் சராசரியாக ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரே ஒரு ரன்தான் கொடுத்தார். ஆறு இன்னிங்ஸில் முந்திவிட்டால் போதும் என்றால் அது வேறு விளையாட்டு.

வெளி மைதானத்தில் கோர்டன், கெய்ன், டைசன் மூவரும் நின்றால் பந்து தரையைத் தொட இடமே இருக்காது. அதுவும் தினமும் கூட வருகிற திறமைதான், அடிக்கும் கை மாதிரி திடீரென்று ஓய்ந்துவிடாது.

டேவிஸ் எப்படி வந்தார் என்பது தனிக் கதை. 2012 டிசம்பரில் எங்களின் ஒரே நம்பிக்கையாக இருந்த வில் மையர்ஸைத் தூக்கி டாம்பாவுக்குக் கொடுத்து ஷீல்ட்ஸை வாங்கினார் எங்கள் பொது மேலாளர் டேட்டன் மூர். கூட வந்தவர் டேவிஸ், பேச்சில் கொசுறாக. மறு வருஷம் மையர்ஸ் சிறந்த புதுமுக விருது வாங்கினார். ஊரில் மூரைத் திட்டாத ஆள் இல்லை. இப்போது அந்த வியாபாரத்தைப் பற்றிப் பேசினால் எல்லோரும் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள்.

2014 அக்டோபர் 9, வியாழன்

சாப்பாடு என்றதும் எந்தக் கடை பார்பிக்யூ என்று கேட்கிறார்கள். ஊரில் அதற்குப் பேர்போன கடைகள் நிறைய, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி. பார்பிக்யூவுக்குத் தனி இடம் இருக்கிறது, இங்கே அந்தச் சண்டை வேண்டாம்.

இன்னொருவர், "கான்சஸ் சிட்டி கான்சஸில்தானே இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். அரங்கம் மிசூரி மாநிலத்தில். நான் இருப்பது கான்சஸ் மாநிலத்தில், ஓவர்லாண்ட் பார்க்கில். நடுவில் ஒரு தெருதான் எல்லை. வரி, பள்ளிக்கூடம், கல்லூரி அணி எல்லாவற்றிலும் இந்தத் தெருவுக்கு இரண்டு பக்கமும் ஆகாது. இந்த வாரம் இரண்டு பக்கமும் நீலச் சட்டை. ஊரில் இருக்கிற நீரூற்றுகளிலும் நீலச் சாயம் கலந்துவிட்டார்கள்.

2014 அக்டோபர் 9, இரவு

"நீங்கள் எப்படி இந்த அணியைப் பிடித்தீர்கள், வேறு அணியே கிடைக்கவில்லையா?" நல்ல கேள்வி.

நான் இந்த ஊருக்கு வந்தது 2005 கோடையில். அந்த வருஷம் ராயல்ஸ் 106 ஆட்டம் தோற்றார்கள். நடுவே தொடர்ந்து 19. அந்த 19இல் ஒன்று கிளீவ்லண்டோடு: ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு வரும்போது 7-2 முன்னணி. அந்த ஒரே இன்னிங்ஸில் 11 ரன் கொடுத்து 13-7 என்று தோற்றார்கள். கையில் வந்து விழுந்த சாதாரண பந்து ஒன்றை வெளி மைதானத்தில் நழுவவிட்டதும் அதில் அடக்கம். மறு வருஷம் ஒருவர் ஹோம் ரன்னைத் தடுக்கிறேன் என்று சுவரில் ஏறினார். பந்து சுவர் வரைக்கும் வரவேயில்லை, அவருக்கு முன்னால் தரையில் விழுந்து குதித்தது. அவர் சுவரில் தொங்கிக்கொண்டு பார்த்தார்.

டிக்கெட் மலிவு, அதனால் போனேன். மேல் அடுக்கில் பாதி நாற்காலி காலி, காலை நீட்டிக்கொள்ளலாம், வெளி மைதானத்தில் நீரூற்று ஓடும், சாயங்காலம் காற்று நன்றாக இருக்கும். பக்கத்தில் ஒரு பெரியவர் பென்சிலும் அட்டையுமாக ஒவ்வொரு பந்தையும் குறித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு மோசமான அணிக்கு எதற்கு இவ்வளவு கணக்கு என்று கேட்டேன். 1973இல் இந்த அரங்கம் திறந்ததிலிருந்து வருகிறாராம். "நான் அணியைப் பார்க்க வருவதில்லை, ஆட்டத்தைப் பார்க்க வருகிறேன்" என்றார். எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது அவர்தான். அன்றைக்கு அவர் சொன்னது ஞானம் போலத் தெரிந்தது. இப்போது யோசித்தால், அணியைப் பார்த்தால் மனசு தாங்காது என்பதைக் கௌரவமாகச் சொல்லியிருக்கிறார்.

2014 அக்டோபர் 12, ஞாயிறு

அடுத்த சுற்று, பால்டிமோர் ஓரியோல்ஸோடு. அவர்கள் ஊரில் 8-6 (பத்து இன்னிங்ஸ், கோர்டன் ஹோம் ரன்), 6-4. ஆறுக்கு ஆறு. முதல் ஐந்து ஆட்டத்தில் நாலு கூடுதல் இன்னிங்ஸ். என் டாக்டர் இதைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

2014 அக்டோபர் 16, வியாழன்

2-1. மறுநாளும் 2-1. ஓரியோல்ஸ் வருஷம் முழுக்க ஹோம் ரன்களாகவே அடித்துத் தள்ளிய அணி, 96 வெற்றி. நாலு ஆட்டத்தில் நாலும் போச்சு. எட்டுக்கு எட்டு. ஒரு பிளேஆஃபை இப்படித் தோல்வியே இல்லாமல் எட்டு வெற்றியோடு ஆரம்பித்த அணி இதற்கு முன் இல்லை.

மூன்றாவது ஆட்டத்தில் மௌஸ்டாகஸ் பந்தைத் துரத்தி வேலிக்கு மேல் தாவி, பணக்கார டிக்கெட்காரர்கள் மடியில் போய் விழுந்தார், பந்து கையில். அவர்கள் அவரை ஏந்திப் பிடித்துத் திரும்ப உள்ளே அனுப்பினார்கள். மாமியார் கைதட்டியதை முதல் தடவை பார்த்தேன்.

நாலாவது ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸ் இன்னும் பிடித்தது. முதல் இருவர் பேஸில். மூன்றாவதாக வருவது கெய்ன், அந்த வாரம் தொட்டதெல்லாம் பறக்கிறது, தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். அவர் பந்தை மெதுவாகத் தட்டித் தன்னைப் பலிகொடுத்து மற்ற இருவரையும் ஒரு பேஸ் நகர்த்தினார். யாரும் சொல்லவில்லையாம், அவராகவே செய்தது. அடுத்து வந்தவர் அடித்தது ஒரு சாதாரணத் தரைப்பந்து, வீட்டில் நின்ற காட்சர் கையிலிருந்து நழுவி, இரண்டு ரன். அந்த இரண்டு போதுமானதாக இருந்தது. புள்ளிவிவரக்காரர்கள் இந்தத் தட்டலைப் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். அவர்கள் சொல்வது சரியென்றுதான் நானும் நினைக்கிறேன். நேற்று மட்டும் நினைக்கவில்லை.

சியாட்டில்காரரைக் காணோம். 87 வெற்றியோடு ஒரே ஒரு ஆட்டத்தில் உங்கள் அணிக்கு இந்த வாய்ப்பு போனது எனக்கும் வருத்தம்தான். உங்களுக்கும் 2001இலிருந்து பிளேஆஃப் இல்லை. எங்களுக்குப் பிறகு இனி அந்த வரிசையில் டொரன்டோவுக்கு அடுத்து நிற்கப்போவது யாரென்று நான் சொல்லவில்லை.

2014 அக்டோபர் 20, திங்கள்

நாளை முதல் வேர்ல்ட் சீரிஸ், கோப்பைக்கான இறுதித் தொடர், சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸோடு. நாலு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை. நாங்கள் 89 வெற்றி, அவர்கள் 88. இரண்டு அணியும் பிரிவில் முதலிடம் வராமல் பின்கதவு வழியாக வந்தவை.

அணிக்கு சியோலில் ஒரு ரசிகர் இருக்கிறார். வருஷக்கணக்காக தூரத்திலிருந்து, அங்கே காலை நேரத்தில் விழித்திருந்து பார்ப்பவர். ஆகஸ்டில் முதல் தடவை இங்கே வந்தார். விமான நிலையத்தில் ஊரே போய் வரவேற்றது. ஜூலை 21 அன்று 48-50 என்று கிடந்த அணி அவர் இருந்த நாட்களில் ஜெயித்துக்கொண்டே போய் பிரிவில் முதலிடம் வந்தது. இப்போது வேர்ல்ட் சீரிஸுக்குத் திரும்ப வருகிறார். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் நான் ஏன் டிக்கெட் வாங்கவில்லை என்று மகள் கேட்கிறாள். விலையைக் காட்டினேன். "அப்பா, இது காருக்கு விலை" என்றாள்.

எங்கள் குழுவில் செயின்ட் லூயிஸ்காரர் ஒருவர் உண்டு. அவருடைய ஊர் அணி கார்டினல்ஸ். எங்களிடம் வேர்ல்ட் சீரிஸ் தோற்ற 1985 அவருக்கு இன்னும் ஆறவில்லை. ஆறாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், கார்டினல்ஸ் 1-0 முன்னணி, கோப்பைக்கு மூன்றே அவுட். ராயல்ஸின் ஓர்டா முதல் பேஸில் தெளிவாக அவுட். நடுவர் டெங்கிங்கர் இல்லை என்றார். ராயல்ஸ் அதில் 2-1 என்று ஜெயித்து, அடுத்த நாள் 11-0. "உங்கள் கோப்பையில் ஒரு கைப்பிடி எங்களுடையது" என்பார் அவர். மறுநாள் 11 ரன் கொடுத்ததும் நடுவரா என்று கேட்டால் காபி எடுக்கப் போய்விடுவார்.

2014 அக்டோபர் 22, புதன், காலை

7-1, அவர்களுக்கு. அவர்கள் பிட்சர் பம்கார்னர்.

2014 அக்டோபர் 25, சனி

சமன் செய்து, நேற்று முந்தியும் விட்டோம். 7-2, 3-2. நேற்று ஹெரேரா, ஃபின்னகன், டேவிஸ், ஹாலண்ட் வரிசையாக வந்து கதவைச் சாத்தினார்கள். ஃபின்னகன் ஜூன் மாதம் வரை கல்லூரி அணியில் ஆடிக்கொண்டிருந்த பையன். ஒரே வருஷத்தில் கல்லூரி வேர்ல்ட் சீரிஸிலும் இந்த வேர்ல்ட் சீரிஸிலும் பந்து வீசியவர் அவருக்கு முன் யாருமில்லை.

இன்னும் இரண்டு. நான் எதையும் சொல்லப்போவதில்லை.

2014 அக்டோபர் 27, திங்கள்

11-4. 5-0. இரண்டும் அவர்களுக்கு. பம்கார்னர் மறுபடியும், ஒன்பது இன்னிங்ஸும் அவரே. நல்ல வேளை, நான் எதையும் சொல்லவில்லை.

2014 அக்டோபர் 29, புதன், காலை

10-0, எங்களுக்கு. இரண்டாவது இன்னிங்ஸிலேயே ஏழு ரன், ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. அதனால் மிச்ச நேரமெல்லாம் வெஞ்சுராவை மட்டுமே பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அவருடைய நண்பர், கார்டினல்ஸின் ஆஸ்கர் டவேரஸ், டொமினிகன் குடியரசில் கார் விபத்தில் இறந்துபோனார். இருவரும் அதே நாட்டுக்காரர்கள். வெஞ்சுரா தொப்பியில் நண்பரின் பெயரெழுத்தையும் 18 என்ற எண்ணையும் எழுதிக்கொண்டு வந்து ஏழு இன்னிங்ஸ் வீசினார். ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. வயது 23.

அக்டோபர் 1 அன்று அவரைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் "இப்போது என்ன சொல்கிறீர்கள்?" என்கிறார். அவரைப் பற்றி நான் அன்றும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது யோஸ்ட்டைப் பற்றி. அதில் மாற்றமில்லை.

இன்று ஏழாவது ஆட்டம், எங்கள் அரங்கில்.

2014 அக்டோபர் 30, வியாழன்

3-2. அவர்களுக்கு.

நாலாவது இன்னிங்ஸில் ஜயன்ட்ஸ் ஒரு ரன் முந்தினார்கள். ஐந்தாவதில் பம்கார்னர் உள்ளே வந்தார். ஒன்பது இன்னிங்ஸ் வீசி இரண்டே நாள் ஓய்வு. ஐந்து இன்னிங்ஸ், 68 பந்து. தொடர் முழுக்க எங்களுக்கு எதிராக 21 இன்னிங்ஸில் அவர் கொடுத்தது ஒரே ஒரு ரன். திட்டக்கூட வார்த்தை வரவில்லை. எங்கள் ஊர் பெரியவர்கள் யாரையாவது பாராட்ட மனமில்லாமல் தலையை மட்டும் ஆட்டுவார்களே, அப்படி ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது, இரண்டு அவுட், யாரும் பேஸில் இல்லை. கோர்டன் அடித்தார். மைய மைதானத்தில் ஜயன்ட்ஸின் பிளாங்கோ அதைத் தவறவிட்டார். பின்னால் ஓடிய இன்னொருவரும் தடுமாறினார். கோர்டன் மூன்றாவது பேஸுக்கு வந்துவிட்டார். அங்கே பயிற்சியாளர் ஜிர்ஷெலி இரண்டு கையையும் தூக்கி நிறுத்தினார். அடுத்தது பெரெஸ், இரண்டாவது இன்னிங்ஸில் காலில் பந்து பட்டு நொண்டிக்கொண்டிருந்தவர். முதல் ராத்திரி மாதிரியே எட்டாத உயரத்துப் பந்துகளைத் துரத்தினார். இந்தத் தடவை அது மேலே எழும்பி அவர்களுடைய சாண்டோவல் கைக்குப் போனது. ஆட்டம் முடிந்தது.

மூன்றாவது இன்னிங்ஸில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஜயன்ட்ஸின் பானிக் பாய்ந்து பிடித்து ஆரம்பித்த, ஒரே பந்தில் இரட்டை அவுட். ஹாஸ்மர் முதல் பேஸுக்கு மார்பால் பாய்ந்தார், நடுவர் அவுட் இல்லை என்றார். இந்த வருஷம்தான் வீடியோ மறுபரிசீலனையை விரிவாகக் கொண்டுவந்தார்கள். பார்த்தார்கள், அவுட். செயின்ட் லூயிஸ்காரரிடமிருந்து ஒரு வரிச் செய்தி: "29 வருஷம் முன்னால் இந்த கேமரா எங்கே போயிருந்தது?" அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது, அதுதான் ஆச்சரியம்.

2014 நவம்பர் 1, சனி

கோர்டனை ஓடவிட்டிருக்க வேண்டுமா? நூறு பதில் வந்துவிட்டது. வரைபடம் போட்டவர்களும் உண்டு.

என் கட்சி: நிறுத்தியது சரி. பந்து, நடுவில் வாங்கி எறிய நின்ற ஜயன்ட்ஸின் கிராஃபோர்டின் கையில் வந்து சேரும்போது கோர்டன் மூன்றாவது பேஸைத்தான் நெருங்கிக்கொண்டிருந்தார். கிராஃபோர்டுக்கு நல்ல கை. அனுப்பியிருந்தால் பதினைந்து அடி முன்னாலேயே காட்சர் பந்தோடு காத்திருந்திருப்பார். ஜிர்ஷெலி பல பத்தாண்டுகள் சின்ன லீக்குகளில் பஸ்ஸில் அலைந்து இந்த வருஷம்தான் பெரிய லீக் வேலைக்கு வந்தவர். அவர் அந்த நொடியில் சரியாகக் கணக்குப் போட்டார்.

இது மூளையின் கட்சி. நேற்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது இன்னொரு கட்சியும் வந்தது. பம்கார்னர் அப்படி வீசும்போது பெரெஸ் ஒரு அடி அடிப்பதற்கு வாய்ப்பு எவ்வளவு? நாலில் ஒன்றுகூட இருக்காது. எறிபந்து கொஞ்சம் தவறிப் போவதற்கான வாய்ப்பு அதைவிடக் குறைவா? அந்த இன்னிங்ஸில் ஏற்கெனவே இருவர் கோட்டைவிட்டாயிற்று. அனுப்பிப் பார்த்திருக்கலாமோ? மாமியார் முதலிலிருந்தே அந்தக் கட்சிதான். "ஓடறதுக்குத்தானே இவங்களுக்குப் பேரு? நிக்கறதுக்கா?" என்கிறார்.

சியாட்டில்காரர் திரும்ப வந்து, "அதிர்ஷ்டம் தீர்ந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறார். மூன்றாவது பேஸிலிருந்து வீட்டுக்கு 90 அடி, அதை மிச்சம் வைத்துத் தீர்ந்தது என்று பதில் போட்டேன். அவர் சிரித்துவிட்டு, இந்த மாதம் முழுக்கத் தானும் எங்கள் அணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். முதலிலேயே சொல்வதற்கென்ன.

2015 நவம்பர் 4, புதன்

ஒரு வருஷமாக இங்கே யாரும் எழுதவில்லை. பழையதை யாரோ மேலே இழுத்துவிட்டு "இப்போது எழுதுங்கள்" என்கிறார்கள்.

சரி. 95 வெற்றி. ஹூஸ்டனோடு எட்டாவது இன்னிங்ஸில் 6-2 என்று பின்தங்கி, அங்கிருந்து எழுந்தோம். பிறகு டொரன்டோ. பிறகு நியூயார்க் மெட்ஸ், நாலுக்கு ஒன்று. ஞாயிறு ராத்திரி 7-2, பன்னிரண்டு இன்னிங்ஸ். முந்தவைத்த அடி கிறிஸ்டியன் கோலோனுடையது. இந்த பிளேஆஃப் முழுக்க அவர் அடிக்க வந்தது அந்த ஒரே தடவைதான். அவர் அடித்ததும் ஓடி வந்து ரன் எடுத்தது டைசன், அதற்கு முன் ஒரு பேஸ் திருடிவிட்டு. பெரெஸ் தொடரின் சிறந்த வீரர்.

ஹாஸ்மர் ஒன்பதாவதில் ஓடியதைப் பற்றி மட்டும் கொஞ்சம். ஒரு ரன் பின்தங்கி, மூன்றாவது பேஸில் நிற்கிறார். பெரெஸ் அடித்தது மூன்றாவது பேஸ் பக்கம் ஒரு சாதுவான தரைப்பந்து. மெட்ஸின் ரைட் அதை எடுத்து, ஹாஸ்மரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதல் பேஸுக்கு எறிந்தார். பந்து அவர் கையை விட்டதும் ஹாஸ்மர் கிளம்பிவிட்டார். நேராக எறிந்திருந்தால் பத்தடி முன்னால் அவுட், ஆட்டமும் முடிந்திருக்கும். முதல் பேஸில் வாங்கிய டூடா வீட்டுக்கு எறிந்தது காட்சருக்கு எட்டாமல் போனது. எங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் கத்தினோம், ஒருவர் "போகாதே", ஒருவர் "போ". யார் எது என்று சொல்ல மாட்டேன்.

நேற்று ஊர்வலம். எட்டு லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். பள்ளிகளுக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். நெடுஞ்சாலை ஓரத்திலேயே காரை நிறுத்திவிட்டு ஜனங்கள் நடந்தார்கள், நாங்களும். யூனியன் ஸ்டேஷன் மேடையை நான் பார்க்கவில்லை, எனக்கு முன்னால் இருந்தவரின் முதுகைப் பார்த்தேன்.

போன வருஷமா, இந்த வருஷமா என்று கேட்டால் எனக்குப் போன வருஷம்தான். இந்த வருஷம் ஜெயிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், எதிர்பார்த்தால் வயிறு வலிக்கிறது. வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. மாமியார் ஊரிலிருந்து போனில், மூஸ் நல்லா இருக்கானா என்று மட்டும் கேட்டார்.

மெட்ஸ் ரசிகர் ஒருவர் ரொம்பக் கோபமாக எழுதியிருக்கிறார். எட்டு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காத மெட்ஸ் பிட்சர் ஹார்வி, ஒன்பதாவதையும் நானே வீசுகிறேன் என்று அடம்பிடிக்க, மேனேஜர் காலின்ஸ் மனசு இளகி அனுப்பினாராம், அங்கேதான் எல்லாம் போயிற்றாம். மேனேஜரைத் திட்டப் புது வார்த்தை வேண்டும் என்றால் சொல்லுங்கள், நெட் யோஸ்ட்டுக்காகச் சேர்த்துவைத்தது அப்படியே இருக்கிறது. எங்களுக்கு இந்த வாரம் தேவைப்படாது.